பேச முடியாதவர் வீட்டு டெலிபோன்

ஒரு வீட்டு போன் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? உங்கள் செல்லிலிருந்து அந்த நம்பருக்கு அடிப்பீர்கள். மணி கேட்கும். வீட்டில் இருப்பவரை எடுக்கச் சொல்லி, ‘ஹலோ, ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணு’ என்பீர்கள். அவரும் பதிலுக்கு ஹலோ என்பார். கையெழுத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவீர்கள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நானும் அப்படித்தான் பார்த்தேன். அதனால் பெரிய பிசகு வந்தது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையைப் பற்றித்தான், டெலிபோன் ஆபீஸில் புதிதாக லைன் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

கம்பத்தில் ஏறியது, குரங்கு அறுத்த வயரைச் சாரலில் நனைந்துகொண்டே ஒட்டியது, பாதி ராத்திரியில் கலெக்டர் வீட்டு லைன் செத்தது என்று கதைகள் என்னிடமும் இருக்கின்றன. ஆரம்பித்தால் பென்ஷன்காரன் பெருமை பீற்றுகிறான் என்பீர்கள். நியாயம்தான். இது பெருமை வருகிற கதை இல்லை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு எல்லோரையும் ஃபைபருக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தபோது, நான் ஓய்வு பெற இரண்டு வருஷம்கூட இல்லை. என் வயதுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை. ரோடு தோண்டுகிறவர்கள் அறுத்துப் போடும் கேபிளை ஒட்டி ஒட்டி எனக்கு அலுத்துப்போயிருந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் வரை வீடு வீடாகப் போய் ஆள் பிடித்தேன். அதே நம்பர்தான், உங்கள் பழைய போனையே மாட்டிக்கொள்ளலாம், பேச்சு மட்டும் இனி இன்டர்நெட் வழியாகப் போகும், மழை பெய்தால் கரகரக்காது, இரைச்சல் என்கிற பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அலுவலகத்தில் என்னைக் கல்யாணத் தரகர் என்று கேலி செய்தார்கள்.

அப்படி மாற்றிய வீடுகளில் ஒன்று மேலகரத்தில் இருந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு ஐந்தருவி போகிற வழியில் சிப்ஸ் கடை. சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் சேர்த்து விற்பார்கள். என்னைவிட ஓரிரு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. தொண்டையிலிருந்து ஒரே ஒரு சத்தம் வரும். அது ஆமா என்கிறதா, இல்லை என்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இடது கை மட்டும் பழையபடி இருந்தது. சமைத்துப்போட ஒரு பெண் காலையிலும் மத்தியானமும் வந்து போவாள். மற்ற நேரம் அவர் தனியாகத்தான் படுத்திருப்பார்.

போனைக் கட்டிலுக்கு இடது பக்கம் கை எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்று அக்கா சொன்னார். கூடத்தில் ஃபைபர் பெட்டியை மாட்டி, அங்கிருந்து சுவரோரமாக வயர் இழுத்து, அவர் சொன்ன இடத்தில் போனை வைத்துக் கொடுத்தேன். கரண்ட் போனால் இந்தப் புது இணைப்பு வேலை செய்யாது என்று சொல்லி, கூடவே ஒரு பேட்டரிப் பெட்டியும் வைக்கச் செய்தேன். ஹலோ சொல்லிப் பார்த்தேன். கணீரென்று கேட்டது. பேச முடியாத ஒருவரின் கைக்கருகே எதற்காக போன் வைக்கச் சொல்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

ஒரு வாரத்தில் புகார் வந்தது. கடையிலிருந்து வீட்டுக்கு அடித்தால் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். போனேன், ஹலோ சொன்னேன், கேட்டது. முன்பெல்லாம் எடுத்தால் ஒரு இரைச்சலாவது இருக்கும், இவர் மூச்சு விடுவதுகூடத் தெரியும், இப்போது செத்துப்போன மாதிரி இருக்கிறது என்று அக்கா சொன்னார். அதுதான் அக்கா புது போனின் சிறப்பு என்று என் மனப்பாடத்தை ஒப்பித்துவிட்டு வந்தேன். நாலைந்து நாளில் இரண்டாவது புகார். அதையும் அப்படியே முடித்தேன். குறை எதுவும் இல்லை, வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது. நம் புகார்ப் பதிவில் இப்படி எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது தடவை அக்கா என்னை உட்காரவைத்து முழுவதையும் சொன்னார். மணிக்கு ஒரு தடவை கடையிலிருந்து வீட்டுக்கு அடிப்பார். கண்டக்டர் இடது கையால் ரிசீவரை எடுத்து, பேசுகிற பக்கத்தில் நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார். இரண்டு தட்டு என்றால் ரைட், போகலாம், இங்கே ஒன்றும் பிரச்சினை இல்லை. ஒரு தட்டு என்றால் வண்டியை நிறுத்து, வீட்டுக்கு வா. பஸ்ஸில் இரண்டு விசில், ஒரு விசில் என்று ஆயுசு முழுக்க ஊதிய கணக்குதான். செல்போன் கொடுத்துப் பார்த்தார்கள், அந்தக் கண்ணாடியைத் தடவ அவருக்கு விரல் ஒத்துழைக்கவில்லை. இந்தப் பழைய போனும் இந்தத் தட்டும்தான் இரண்டு வருஷமாக அவர்கள் பிழைப்பை ஓட்டின. கடையைத் திறந்துவைக்க முடிந்ததும் அதனால்தான்.

“இப்ப எடுக்காவ தம்பி. எடுக்கிறது தெரியுது. ஆனா தட்ட மாட்டேங்காவ. நான் பதறிப்போய் ஆட்டோ புடிச்சு ஓடி வந்து பார்த்தா, சும்மா படுத்திருக்காவ. பக்கத்துல நின்னு தட்டச் சொன்னா தட்டுதாவ. கடையில இருந்து அடிச்சா மட்டும் தட்டல. லைன்ல ஏதோ இருக்கு, நல்லாப் பாருங்க.”

நல்லாத்தான் பார்த்தேன். அதாவது மறுபடியும் ஹலோ சொன்னேன். ஹலோ கேட்கிற லைனில் தட்டுவது கேட்காமலா போகும்? அப்படித்தான் என் புத்தி ஓடியது. ஒரே ஒரு தடவை நகத்தால் தட்டிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். ரிசீவர் என் கையில்தான் இருந்தது, என் விரலிலும் நகம் இருந்தது. கண்டக்டர் கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதுக்குக் கேட்கும்படியாக நான் சொன்னது இதுதான்.

“அக்கா, லைன்ல ஒரு குத்தமும் இல்ல. அண்ணாச்சிதான் எடுத்துட்டுச் சும்மா இருக்காவ.”

அதன் பிறகு புகார் வரவில்லை. எனக்கு அது வெற்றியாகத் தெரிந்தது. புகார் நின்றுபோனால் குறை தீர்ந்துவிட்டது என்று நினைக்கிற வியாதி நம் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. உங்களுக்கும் வரும், ஜாக்கிரதை.

மூன்று வாரம் கழித்து அதே வீட்டு மாடியில் குடியிருந்தவர்களுக்கு இணைப்புக் கொடுக்கப் போனேன். அக்கா வீட்டுக் கூடத்தின் வழியாகத்தான் வயர் மேலே போக வேண்டும். சமையல்காரப் பெண் கதவைத் திறந்துவிட்டாள். சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே போன் அடித்தது. ட்ரில்லிங் மிஷினை நிறுத்தினேன். திறந்திருந்த கதவு வழியாகக் கட்டில் நேரே தெரிந்தது.

கண்டக்டர் ரிசீவரை எடுத்தார். நகத்தால் இரண்டு தட்டு தட்டினார். கூடத்தில் நின்ற எனக்கே அது கேட்டது. காதில் வைத்துக் கேட்டார். மறுபடியும் இரண்டு தட்டு. மறுபடியும் காதில் வைத்தார். அந்தப் பக்கம் அக்கா என்னென்ன சொன்னாரோ தெரியவில்லை, இவர் முகம் சிவந்துவிட்டது. நகத்தை விட்டுவிட்டு விரல் முட்டியால் தட்டினார், ரிசீவரையே கட்டில் சட்டத்தில் இரண்டு தடவை அடித்தார். பிறகு அதை மெதுவாக வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சமையல்காரப் பெண் தினமும் இந்தக் கூத்துதான் என்றாள். டாக்டரிடம் கூட்டிப்போனார்களாம். மறுபடியும் லேசாக ஒரு தாக்குதல் வந்து மறதி கூடியிருக்கலாம் என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்தாராம். கோயம்புத்தூரிலிருந்து மகன் ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறான், மதுரைப் பக்கம் ஏதோ ஒரு ஹோமில் சேர்க்க ஏற்பாடாகிவிட்டது, துணிமணி எடுத்துவைத்தாயிற்று என்றாள். ரிசீவரை எடுத்து என்ன செய்வது என்றே தெரியாத மனுஷனை எதை நம்பித் தனியாகப் போட்டுவிட்டுக் கடைக்குப் போவது என்று மகன் கேட்டானாம். லைன் சரியாக இருக்கிறது என்று டெலிபோன் ஆபீஸ்காரரே சொல்லிவிட்டாரே என்று அக்காவும் ஒத்துக்கொண்டாராம்.

கொஞ்ச நேரத்தில் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். சாரலில் தலை நனைந்திருந்தது. என்னைக் கவனிக்காமல் நேரே உள்ளே போனார். தட்டினால் என்ன, ஒரு தட்டாவது தட்டக்கூடாதா, உங்களை ஊரைவிட்டு அனுப்ப எனக்கு மட்டும் ஆசையா என்று அவர் அழுதது கூடத்துக்குக் கேட்டது. கண்டக்டரிடமிருந்து அந்த ஒரே சத்தம் வந்தது.

அவர் தட்டினார் அக்கா, நான் என் கண்ணால் பார்த்தேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நான் சொல்லவில்லை. முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம், உறுதியானதும் சொல்வோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மிஷினைப் பைக்குள் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். அது பயம்தான். குறை இல்லை என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தவன் நான்தானே.

அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு பெண் அதிகாரி இருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும், பேர் வேண்டாம். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே அடுத்தடுத்த அறைகளில் இரண்டு ஃபைபர் போன்களை மாட்டச் சொன்னார். ஒன்றை நான் எடுத்து ஹலோ என்றேன், கேட்டது. நகத்தால் தட்டினேன், அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பேனா மூடியால் தட்டினேன், அதுவும் கேட்கவில்லை. ஆளை மாற்றிப் பார்த்தோம், அப்போதும் அதே கதைதான்.

விஷயம் ரொம்பச் சின்னது. பழைய செம்புக் கம்பி இந்தப் பக்கத்துச் சத்தத்தை எல்லாம் அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிடும். புதியதில், ஆள் பேசும்போது மட்டும் சத்தத்தை அனுப்பிவிட்டு, பேச்சு இல்லாதபோது எதையும் அனுப்பாமல் நிறுத்திவைக்கிற ஒரு ஏற்பாடு அந்தப் பெட்டியில் போட்டிருந்தது. தட்டுவது, மூச்சு விடுவது எல்லாம் அதற்கு இரைச்சல். நான் வீடு வீடாகப் போய்ப் பெருமையாகச் சொன்னேனே, இரைச்சலே இருக்காது என்று, அது இதுதான். அந்த வீட்டில் அந்த இரைச்சல்தான் பேச்சு.

அந்த நம்பருக்கு மட்டும் இந்த ஏற்பாட்டை எடுத்துவிட முடியும் என்றார் அதிகாரி. எனக்கு உயிர் வந்தது. உடனே எடுத்துவிடுங்கள் மேடம், நாளையிலிருந்து கேட்கும், அக்கா சந்தோஷப்படுவார், நாம் போய் எதையும் கிளற வேண்டாம் என்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார்.

“தட்டுறது கேக்கும் அண்ணாச்சி. ஆனா இத்தனை நாளா அவரு தட்டலேன்னு முடிவாகிப் போச்சே, அதை எந்த செட்டிங்ல போய் மாத்துறது?”

நாளைக்குத் திடீரென்று தட்டல் கேட்டால் மாத்திரை வேலை செய்கிறது என்று நினைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை காரும் வரும், ஆளையும் கொண்டுபோவார்கள் என்று அவரே தொடர்ந்து சொன்னார். மகன் இருக்கும்போதே போய்ச் சொல்லுங்கள், முக்கியமாக அந்தப் பெரியவர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. என் சர்வீஸில் பாதிகூட ஆகாத பெண் எனக்குச் சொல்லித் தருகிறாளே என்கிற கோபம். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் அது வெட்கமாக மாறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அதிகாரி அந்த நம்பருக்கு ஏற்பாட்டை எடுத்துவிட்ட பிறகு நான் போனபோது வாசலில் கார் நின்றது. மகன் ஒரு பையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தான். நாற்பது வயதுக்குள் இருக்கும், சாந்தமான ஆள். கட்டில் இருந்த அறைக்குள் வைத்து எல்லோரிடமும் சொன்னேன். உங்கள் அப்பா ஒரு நாளும் தட்டாமல் இருந்ததில்லை. நான் மாட்டிய போன்தான் அதை அந்தப் பக்கம் விடவில்லை. நான் சரியாகப் பார்க்காமலேயே லைன் நல்லாயிருக்கிறது என்று மூன்று தடவை சொன்னேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மகன் என்னை நம்பவில்லை. மூன்று தடவை ஒன்றைச் சொன்ன ஆள் நாலாவது தடவை வேறொன்றைச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? அக்காவை அவருடைய செல்லோடு தெருமுனைக்குப் போய் அடிக்கச் சொன்னேன். மணி அடித்தது. கண்டக்டர் எடுத்தார், இரண்டு தட்டு தட்டினார். நாங்கள் காத்திருந்தோம். போகும்போது நடந்து போன அக்கா திரும்ப ஓடி வந்தார். நேரே கட்டிலுக்குப் போய் அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“கேட்டுச்சுங்க. கேட்டுச்சு. நான் பாவி, உங்களைப் போய் என்னவெல்லாம் பேசிட்டேன்.”

மகனுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் அவனுக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது, அது நியாயமானதும்கூட. என்னைக் கூடத்துக்குக் கூட்டிவந்து மெதுவாகச் சொன்னான். மணி அடித்தால் எடுப்பதும் தட்டுவதும் பழக்கத்தில் வருவதுதானே, சுற்றி என்ன நடக்கிறது என்று அப்பாவுக்கு நிஜமாகவே தெரிகிறதா, அது தெரியாமல் எப்படி விட்டுவிட்டுப் போவது என்றான். நான் லைன்மேன், டாக்டர் இல்லை.

நான் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கண்டக்டரின் இடது கையை என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணாச்சி, தப்பு பூரா என் மேலதான். நீங்க சும்மா இருக்கீயன்னு உங்க முன்னாலயே சொன்னேன். பெரிய பாவம். மன்னிச்சிக்கிடுங்க.”

அவர் என் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து தன் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா பதறிப்போய், அப்படிச் செய்யாதீங்க, தேடி வந்து சொல்லுதாவல்லா என்று அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. வாசற்படியில் நின்றிருந்த மகன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“விடும்மா. அப்பாவுக்கு எல்லாம் தெரியுது” என்றான்.

வெளியே போய்ப் பின்சீட்டிலிருந்த பையை எடுத்துவந்து, கட்டிலுக்கு அடியில் வைத்தான். அக்கா எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். நான் அதை நின்றுகொண்டே குடித்தேன். நான் படியிறங்கும் வரை கண்டக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை.